ஸ்டேசி ஏப்ரம்ஸின் 'வைல் ஜஸ்டிஸ் ஸ்லீப்ஸ்': நீதிபதி உயிரோடு இருக்கிறார், ஆனால் விழிக்கவில்லை

தாழ்வாரம்

மூன்று ராத்திரி உட்கார்ந்து முடித்தேன். 2021 மே மாதம் வந்த நாவல். எழுதியவர் ஸ்டேசி ஏப்ரம்ஸ். ஜார்ஜியா மாநிலச் சட்டமன்றத்தில் 2007 முதல் 2017 வரை உறுப்பினர், 2011-லிருந்து அங்கே எதிர்க்கட்சித் தலைவர். 2018-ல் ஆளுநர் தேர்தலில் நின்று தோற்றார். அங்கே ஆளுநர் என்றால் நம்மூர் முதலமைச்சர் போல, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவி.

கதையின் தொடக்கத்தை மட்டும் சொல்கிறேன், ரகசியம் எதையும் உடைக்கவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஹோவர்ட் வின் கோமாவில் விழுகிறார். பெரிய வழக்கொன்றில் அவர் ஓட்டுதான் தராசு முள். ஓர் அமெரிக்க உயிரித் தொழில்நுட்பக் கம்பெனியும் ஓர் இந்திய மரபணுக் கம்பெனியும் ஒன்றாக இணையலாமா என்பது வழக்கு. இந்த நேரத்தில் ஒரு பத்திரம் வெளியே வருகிறது. தனக்கு நினைவு தவறினால் தன் சார்பில் முடிவெடுக்கும் அதிகாரத்தையும் காப்பாளர் பொறுப்பையும் மனைவிக்கும் கொடுக்காமல், மகனுக்கும் கொடுக்காமல், தன்னிடம் வேலை பார்க்கும் ஏவரி கீன் என்ற இளம்பெண்ணுக்கு எழுதி வைத்திருக்கிறார் வின்.

ஏவரி அவருடைய 'லா கிளார்க்'. நம்மூர் வக்கீல் குமாஸ்தாவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சட்டம் படித்து முடித்த மிகச் சிறந்த மாணவர்களுக்குத்தான் அந்த இடம் கிடைக்கும். ஒரு நீதிபதிக்கு நான்கு பேர் வரை. வழக்குகளைப் படித்துக் குறிப்பு எழுதுவது, தீர்ப்பு வரைவில் கைகொடுப்பது அவர்கள் வேலை.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது கொலையோ துரத்தலோ இல்லை. அதிபருக்கு உடம்பு முடியாமல் போனால் என்ன செய்வது என்று 1967-ல் வந்த 25-வது திருத்தம் சொல்கிறது. உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு அப்படி ஒன்றுமே இல்லை. 'நன்னடத்தை உள்ளவரை' பதவி, அதாவது ஆயுள் முழுக்க. செத்தால் இடம் காலி, தானே விலகினாலும் காலி. சாகவும் இல்லை, விலகவும் முடியவில்லை என்றால்? அந்தப் பள்ளத்தின் மேல்தான் மொத்த வீடும் கட்டியிருக்கிறது. சட்டம் படித்து, பிறகு சட்டம் செய்கிற சபையிலும் உட்கார்ந்த ஒருவருக்குத்தான் இப்படி ஓர் இடம் கண்ணில் படும் என்று நினைக்கிறேன்.

படித்தவர்கள் சொல்லுங்கள். முதல் நூறு பக்கத்தில் இருந்த கூர்மை பின்னால் குறைந்ததாக எனக்குத் தோன்றியது. உங்களுக்கு?

கறுப்புக்குதிரை

கூர்மை குறையவில்லை, திசை மாறுகிறது என்பேன். வின் ஒரு சதுரங்கப் பித்தர். ஏவரிக்கு அவர் விட்டுப்போகும் தடயங்கள் எல்லாம் பலகையைச் சுற்றியே. 1889-ல் ஆம்ஸ்டர்டாமில் லாஸ்கரும் பாவரும் ஆடிய ஆட்டம் அதில் வருகிறது. சதுரங்கம் ஆடுகிறவர்களுக்கு அந்த ஆட்டம் மனப்பாடம். லாஸ்கர் தன் இரண்டு மந்திரிகளையும் அடுத்தடுத்துப் பலி கொடுத்து எதிராளியின் ராஜாவைத் திறந்தவெளியில் நிறுத்துவார். முதல் மந்திரி போகும்போது பார்ப்பவனுக்குக் காரணம் புரியும். இரண்டாவதும் போகும்போது நெஞ்சு பதறும்.

வின் செய்வதும் அதுதான். எதையெதை இழக்கத் தயாராக இருந்தார் என்பதைக் கடைசியில் கணக்குப் பார்த்தால் ஆட்டமும் கதையும் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும். வேலைப்பாட்டுக்காகச் சேர்த்த ஜரிகை இல்லை இது. ஆட்டத்தைப் பலகையில் வைத்து ஆடிப் பார்த்துவிட்டு அந்தப் பகுதியைத் திரும்பப் படியுங்கள் தாழ்வாரம், உங்கள் கருத்து மாறலாம்.

வழக்குரை

நான் சென்னையில் வழக்கறிஞர். இந்த நாவலைப் படித்தபோது எனக்குக் கதை என்றே தோன்றவில்லை, ஏனென்றால் இதில் பாதி நடந்திருக்கிறது.

வில்லியம் டக்ளஸ் என்ற நீதிபதி. 1939-ல் ரூஸ்வெல்ட் நியமித்தவர். 1974 டிசம்பர் 31 அன்று பக்கவாதம். சக்கர நாற்காலி, தாங்க முடியாத வலி, நினைவு தடுமாற்றம். ஆனாலும் விலகவில்லை. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. 1970-ல் டக்ளஸைப் பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்று பிரதிநிதிகள் சபையில் முன்னின்று பேசியவர் ஜெரால்ட் ஃபோர்ட். இப்போது அதே ஃபோர்ட் அதிபர். டக்ளஸ் எழுந்தால் அந்த நாற்காலிக்கு ஆள் போடுவது ஃபோர்டின் கை.

மற்ற எட்டு நீதிபதிகளுக்குத் தர்மசங்கடம். டக்ளஸின் ஓட்டு முடிவை மாற்றும் வழக்கு எதுவானாலும் அதைத் தீர்க்காமல் தள்ளிவைப்பது என்று ஏழு பேர் தங்களுக்குள் ஒப்புக்கொண்டார்கள். வெளியே ஒருவருக்கும் தெரியாது. எட்டாமவர் பைரன் வைட் மட்டும் சம்மதிக்கவில்லை. 1975 அக்டோபரில் தலைமை நீதிபதி பர்கருக்குக் கடிதம் எழுதினார். சக நீதிபதிகள் கூடி ஒருவரின் அதிகாரத்தைப் பறிக்க அரசியல் சாசனத்தில் எங்கே இடம் இருக்கிறது என்பதுதான் அவர் வாதம். நான் அந்தக் கடிதத்தைப் பலமுறை யோசித்திருக்கிறேன். ஏழு பேர் செய்தது நியாயமான காரியம். ஆனாலும் சட்டத்தில் அதற்கு வழி இல்லை. வைட் சொன்னது சட்டம். ஆனால் அதன்படி நடந்திருந்தால், தெளிவில்லாத ஒருவரின் ஓட்டில் நாட்டின் சட்டம் முடிவாகியிருக்கும். 1975 நவம்பர் 12 அன்று டக்ளஸே விலகியதால் கேள்விக்குப் பதில் தேடும் அவசியம் இல்லாமல் போயிற்று. அந்தக் கேள்வி இன்றும் அப்படியே கிடக்கிறது.

அதற்கும் முன்னால் வார்டு ஹன்ட். 1879 ஜனவரியில் பக்கவாதம் வந்து முடங்கினார், 1882 வரை பதவியை விடவில்லை. முழுச் சம்பளத்தோடு ஓய்வு பெறப் பத்து வருடப் பணி வேண்டும், அவருக்கு அது நிறையவில்லை. கடைசியில் அவர் ஒருவருக்காகவே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தனிச்சட்டம் போட்டு ஓய்வூதியம் கொடுத்து அனுப்பியது.

எட்டுப் பேர் உட்கார்ந்து 4-4 என்று பிரிந்தால் கீழமை நீதிமன்றத் தீர்ப்பு அப்படியே நிற்கும். ஆறு பேர் இருந்தால் நீதிமன்றம் கூடலாம். ஆகவே ஒருவர் கோமாவில் விழுந்தாலும் நீதிமன்றம் நடக்கும், தராசுதான் கோணிக்கொள்ளும். ஏப்ரம்ஸ் பிடித்திருக்கும் நரம்பு அதுதான்.

நம்மிடம் உச்ச நீதிமன்றத்துக்கு 65, உயர் நீதிமன்றத்துக்கு 62 என்று வயது வரம்பு உண்டு. நீதிபதியை நீக்குவது பற்றிய 124(4) பிரிவில் நிரூபிக்கப்பட்ட தவறான நடத்தையோடு 'இயலாமை' என்ற சொல்லும் இருக்கிறது. நம் சாசனம் எழுதியவர்கள் அந்தப் பள்ளத்தைப் பார்த்துப் பலகை போட்டுவிட்டார்கள்.

செம்பருத்தி

வழக்குரை சார், நீங்கள் எழுதிய டக்ளஸ் கதையை நாவலைவிட ஆர்வமாகப் படித்தேன். என் குறையும் அங்கேதான் இருக்கிறது.

எட்டு நீதிபதிகள், ஒரு காலி நாற்காலி, ஒரு மனசாட்சிச் சிக்கல். அது போதாதா? அதை விட்டுவிட்டு அதிபர் ஸ்டோக்ஸ், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஆள் வான்ஸ், கூலிக்கொலை, ரகசிய ஆயுதத் திட்டம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அதிபர் கெட்டவர் என்பது சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. பிறகு சந்தேகம் என்ற ருசியே இல்லை. ஏவரிக்கு ஒருமுறை பார்த்தது மறக்காது. எந்தத் தாளைப் பார்த்தாலும் படம் பிடித்த மாதிரி மனசில் நிற்கும். கதை முட்டுச்சந்தில் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் அந்த வரம் வந்து கதவைத் திறக்கிறது. உழைத்துக் கண்டுபிடிக்கும் ஒரு பெண்ணைப் பார்க்க ஆசைப்பட்டேன்.

ஏவரியின் அம்மா ரீட்டா மட்டும் விதிவிலக்கு. போதைக்கு அடிமையான தாய். மகளிடம் காசு கேட்டு வரும் காட்சிகளில் ஒரு சொல்கூட மிகையில்லை. கொடுத்தால் என்ன ஆகும் என்று மகளுக்குத் தெரியும், கொடுக்காவிட்டாலும் தெரியும். ஏப்ரம்ஸ் தன் சொந்தத் தம்பியின் போதைப் பழக்கத்தைப் பற்றி 2018 தேர்தல் சமயத்தில் வெளிப்படையாகப் பேசியவர். வீட்டில் பட்டவர் எழுதினால்தான் அந்தக் காட்சிகள் அப்படி வரும். புத்தகம் முழுக்க அந்தக் கையால் எழுதியிருக்கக் கூடாதா என்று எனக்கு ஏக்கம்.

தெற்குத்தெரு

செம்பருத்தி சொன்ன அதிபர் விஷயத்துக்கு ஒரு பின்கதை உண்டு. இந்த நாவலின் முதல் வடிவத்தை ஏப்ரம்ஸ் எழுதி முடித்துப் பத்து வருடத்துக்கும் மேல் பெட்டியில் கிடந்தது. பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிவிட்டன. ஓர் அதிபர் இப்படியெல்லாம் செய்வார் என்று யார் நம்புவார்கள், உச்ச நீதிமன்றத்தைப் பற்றி யார் படிப்பார்கள் என்று கேட்டார்களாம். அவரே பேட்டிகளில் சொன்னது. நடுவில் அமெரிக்காவில் நடந்த அரசியலுக்குப் பிறகு அந்த இரண்டு கேள்வியையும் ஒருவரும் கேட்கவில்லை.

இன்னொன்று, இவரை 'அரசியல்வாதி எழுதிய முதல் நாவல்' என்று பலர் அறிமுகப்படுத்துகிறார்கள். தப்பு. 2001-லிருந்து 2009 வரை செலீனா மான்ட்கோமரி என்ற பெயரில் எட்டுக் காதல் சஸ்பென்ஸ் நாவல்கள் எழுதியவர். முதல் நாவலை யேல் சட்டக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும்போதே எழுதினார். அவருக்கு உளவுக் கதை எழுதத்தான் ஆசை. கறுப்பினப் பெண் நாயகியாக வரும் உளவுக் கதை விற்காது என்று கண்டபோது, அதே கதையில் காதலை முன்னால் கொண்டுவந்து காதல் நாவலாக்கிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சமயத்தில் வரிச் சட்டம் பற்றிய கட்டுரைகளைச் சொந்தப் பெயரில் எழுதிக்கொண்டிருந்ததால் கதைக்கு வேறு பெயர். எழுதியது நான்தான் என்று சொல்ல ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை.

அண்ணாவும் கலைஞரும் எழுதிய மண்ணில் பிறந்த நமக்கு, அரசியல்வாதி கதை எழுதுவது ஆச்சரியமே இல்லை. அமெரிக்கச் சட்டத் திரில்லருக்கும் அந்த உறவு உண்டு. ஜான் கிரிஷாம் தன் முதல் நாவலை எழுதிய 1980-களில் மிசிசிப்பி சட்டமன்ற உறுப்பினர். விடியற்காலை எழுந்து எழுதி, 28 இடத்தில் திரும்பி வந்து, கடைசியில் வெறும் 5,000 பிரதி அச்சானது.

ஜார்ஜியாவாசி

அட்லாண்டா பக்கம் பதினைந்து வருடமாக இருக்கிறேன். 2018-ல் ஏப்ரம்ஸுக்காக வாரக்கடைசியில் வீடு வீடாகப் போய்க் கதவு தட்டியவன். அதனால் நான் நடுநிலை இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இவர் பேசுவதைக் கேட்டவர்களுக்கு இந்த நாவலின் ருசி எங்கிருந்து வந்தது என்று தெரியும். கூட்டத்தில் ஒரு கோஷம் போட்டால் அடுத்த நிமிஷமே விதி எண், கடைசி நாள், எந்தப் படிவம் என்று போய்விடுவார். அடிப்படையில் வரிச் சட்ட வழக்கறிஞர், பிறகு அட்லாண்டா நகராட்சியின் துணை வழக்கறிஞர். அதிகாரம் மேடையில் இல்லை, படிவத்தின் அடிக்குறிப்பில் இருக்கிறது என்று நம்புகிறவர்.

2018-ல் நாங்கள் அதைக் கண்ணால் பார்த்தோம். வாக்காளர் பதிவில் எழுதும் பெயரும் அரசு ஆவணத்தில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும் என்று அப்போது இங்கே ஒரு விதி இருந்தது. ஒரு கோடு, ஓர் இடைவெளி மாறினாலும் விண்ணப்பம் நிலுவைக்குப் போகும். அந்த அக்டோபரில் சுமார் 53,000 விண்ணப்பங்கள் அப்படிக் கிடந்தன, அதில் பத்துக்கு ஏழு கறுப்பின மக்களுடையது என்று செய்தி வந்தது. நிலுவையில் இருந்தாலும் புகைப்பட அட்டையைக் காட்டி ஓட்டுப் போடலாம் என்றார்கள். ஆனால் அது எத்தனை பேருக்குத் தெரியும்? தமிழ்ப் பெயர் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பயம் நன்றாகப் புரியும். இனிஷியலை விரித்தால் அப்பா பெயர் முன்னால் வரும், இன்னொரு அட்டையில் பின்னால் வரும், மூன்றாவதில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். என் அட்டைகளை எல்லாம் மேஜையில் பரப்பி வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட இரவு இன்னும் மறக்கவில்லை. அந்தத் தேர்தலை நடத்தும் பொறுப்பில் இருந்த மாநிலச் செயலர் பிரையன் கெம்ப்தான் எதிர் வேட்பாளரும். வித்தியாசம் 54,723 ஓட்டு.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தோல்வியை ஒப்புக்கொள்கிறேன் என்ற சொல்லை அவர் கடைசிவரை சொல்லவில்லை, அது என் நண்பர்கள் பலருக்கே பிடிக்கவில்லை. அவர் தொடங்கிய ஃபேர் ஃபைட் அமைப்பு இந்த மாதிரி விதிகளை எதிர்த்துப் போட்ட வழக்கும் 2022 செப்டம்பரில் ஃபெடரல் நீதிமன்றத்தில் தோற்றது. அதே நவம்பரில் தேர்தலிலும் இன்னும் பெரிய வித்தியாசத்தில் தோற்றார்.

ஆனால் நாவலைப் படிக்கும்போது எனக்கு அந்த மேஜைதான் ஞாபகம் வந்தது. ஏவரி துப்பாக்கி தூக்குவதில்லை. தாளைப் படிக்கிறாள். எந்தச் சொல்லுக்கு என்ன பொருள், எந்த மனுவுக்கு எத்தனை நாள் என்று அவளுக்குத் தெரிவதுதான் அவளுக்குக் கவசம். செம்பருத்தி அந்த நினைவாற்றலை வரம் என்றீர்கள். தாளைக் கவனமாகப் படிக்கிறவர்களை மரியாதையோடு எழுத அவருக்குக் கிடைத்த வழி அது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஈரோட்டுக்காரி

நான் கதையே படிக்கலீங்க, தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன். முதல் பதிவுல "சாகவும் இல்லை, விலகவும் முடியவில்லை" அப்படின்னு இருந்ததைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் போனைக் கையிலயே வெச்சுட்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கப்பாவுக்கு அஞ்சு மாசமா நினைவில்லை. மூளையில ரத்தக்கசிவு. கண்ணு திறந்திருக்கும், யாரையும் தெரியாது. வீட்டு வாடகை, அவர் பென்சன், எல்லாம் அவர் பேர்ல ஒரே கணக்குல. போன வருசமே அப்பா எனக்குப் பவர் பத்திரம் எழுதிப் பதிவு பண்ணியும் வெச்சிருக்காரு. அதை எடுத்துட்டுப் பேங்குக்குப் போனா, "அவர் நல்ல நினைவோட இருந்தா இது செல்லும்மா, இப்ப செல்லாது"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நல்லா இருந்தா அவரே வந்திருப்பாரே, எதுக்குங்க பவர்? கவுண்டர்ல இருந்த பொண்ணு பாவம், அதுக்கும் பதில் தெரியலை.

ஆஸ்பத்திரி செலவுக்கு நகையை வெச்சுத்தான் ஓட்டிட்டு இருக்கோம். அப்பா காசு அப்பாவுக்கே உதவாம கிடக்குது. இந்தக் கதையில அந்தப் பொண்ணுக்கு மட்டும் எப்படிங்க பவர் செல்லுது? அது வெறும் கதைக்காகவா, இல்ல அங்க சட்டமே அப்படியா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வழக்குரை

சகோதரி, முதலில் அப்பா குணமாக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் கேட்டது இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. பேங்க் ஊழியர் சொன்னது சட்டப்படி சரிதான், கேட்கக் கசப்பாக இருந்தாலும்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 201. பவர் கொடுத்தவர் இறந்தாலோ சித்த சுவாதீனம் இழந்தாலோ அந்த அதிகாரம் முடிந்துவிடும். கொடுத்தவரின் கையின் நீட்சிதான் பவர், கொடுத்தவருக்கு நினைவு போனால் கையும் போயிற்று என்பது பழைய ஆங்கிலச் சட்டத்தின் பார்வை. நாம் அதை அப்படியே வைத்திருக்கிறோம். அமெரிக்க மாநிலங்கள் இதை மாற்றிவிட்டன. நினைவு போன பிறகும் நீடிக்கும், அல்லது நினைவு போன பிறகே தொடங்கும் பவர் அங்கே எழுதலாம். ஏவரியின் கையில் இருப்பது அந்த மாதிரி ஆவணம். ஆகவே அந்த இடத்தில் ஏப்ரம்ஸ் கதைக்காக எதையும் வளைக்கவில்லை. நீதிபதியின் மனைவி செலஸ்ட் அதை எதிர்த்து நீதிமன்றம் போவதும் அங்கே நடக்கக்கூடியதே.

இங்கே கோமாவில் இருப்பவருக்குக் காப்பாளர் நியமிக்கத் தனிச்சட்டம் இல்லை. மனநலச் சட்டமும் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் இந்த நிலைமைக்கு நேராகப் பொருந்துவதில்லை. ஆனால் வழி இருக்கிறது. அரசியல் சாசனம் 226-ன் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. காக்க ஆளில்லாதவருக்கு நீதிமன்றமே பெற்றோர் நிலையில் நிற்கலாம் என்ற கோட்பாட்டின்படி நியமிப்பார்கள். 2019-ல் கேரள உயர் நீதிமன்றம் இதற்கு விரிவான வழிமுறை வகுத்தது. 2024-ல் நம் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று, கோமாவில் இருந்த கணவரின் சொத்தை விற்றுச் சிகிச்சைக்கும் குடும்பத்துக்கும் பயன்படுத்த மனைவியைக் காப்பாளராக நியமித்தது. தனி நீதிபதி முதலில் அந்த மனுவை ஏற்கவில்லை, மேல்முறையீட்டில்தான் கிடைத்தது.

மருத்துவச் சான்று, வாரிசுகள் அனைவரின் சம்மதக் கடிதம், சொத்து மற்றும் கணக்கு விவரம், இதுவரை ஆன செலவின் ரசீதுகள். இவற்றைத் திரட்டத் தொடங்குங்கள். உள்ளூரில் நம்பிக்கையான வழக்கறிஞர் இருந்தால் அவர் மூலமாகவே போகலாம். பணம் ஒரு தடையானால் உயர் நீதிமன்றத்தில் இருக்கும் சட்ட உதவிக் குழுவை அணுகலாம், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. தனிமடலும் அனுப்புங்கள்.

ஆய்வகத்தாய்

இதைப் படித்த பிறகு கதையைப் பற்றி எழுதச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் ஓர் அறிவியல் விஷயத்தைச் சொல்ல வேண்டும். கதை படிக்காதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போகவும், ரகசியம் உடையும்.

டைக்ரிஸ் என்ற திட்டம். முஸ்லிம்களை மரபணு பார்த்துத் தாக்கும் கிருமி ஆயுதம். நான் மூலக்கூறு உயிரியல் கற்பிக்கிறவள். மதம் மரபணுவில் இல்லை. மனிதர்களுக்கிடையே இருக்கும் மரபணு வேறுபாட்டில் 85 விழுக்காடு ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று ரிச்சர்ட் லெவான்டின் 1972-ல் காட்டினார். ஓர் ஊரில் நான்கு தலைமுறைக்கு முன் மதம் மாறிய குடும்பத்தையும் மாறாத அவர்களின் பங்காளிகளையும் எந்தக் கிருமியாலும் பிரித்தறிய முடியாது. அப்படி ஒரு ஆயுதத்தை நம்பிச் செய்கிறவர்கள் முட்டாள்கள் என்று கதைக்குள் யாராவது ஒருவர் சொல்லியிருந்தால், அந்த இனவெறியின் மடமையும் சேர்ந்து வெளிப்பட்டிருக்கும். ஆசிரியரின் தங்கை ஒருவர் உயிரியல் படித்தவர், நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் வேலை பார்த்தவர். நோய், மருந்து பற்றிய பகுதிகள் நம்பும்படி இருக்கின்றன. இந்த ஓர் இடத்தில் மட்டும் எனக்கு ஏமாற்றம்.

இந்தியக் கம்பெனியின் தலைவியாக இந்திரா சீனிவாசன் என்று ஒரு பாத்திரம் வருவது பிடித்திருந்தது. அமெரிக்கத் திரில்லரில் இந்திய விஞ்ஞானி என்றால் கண்ணாடி போட்டுக்கொண்டு கணினி முன் உட்காரும் துணைப்பாத்திரமாகவே வந்து பார்த்திருக்கிறோம். இவர் முடிவெடுக்கிறவர்.

செம்பருத்தி

ஆய்வகத்தாய், இதை நான் கவனிக்கவே இல்லை. நீங்கள் சொன்ன அந்தப் பங்காளிகள் உதாரணம் என் அம்மா வழிக் குடும்பத்துக்கு அப்படியே பொருந்தும்.

ஜார்ஜியாவாசி, உங்கள் மேஜையை நினைத்துப் பார்த்தேன். நினைவாற்றல் விஷயத்தில் பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு, ஏவரி ஒருமுறையாவது தப்பாகப் படித்து, அதன் விலையைக் கொடுத்திருக்க வேண்டும். கவனமாகப் படிக்கிறவர்களும் தவறுவார்கள். ஈரோட்டுக்காரியின் அப்பா முன்யோசனையோடுதானே பதிவு செய்து வைத்தார்?

தாழ்வாரம்

இழையைத் தொடங்கியபோது இப்படி ஒரு திசையில் போகும் என்று எதிர்பார்க்கவில்லை. அந்தப் பள்ளத்தைப் பற்றி வியந்து எழுதினேன், அது எனக்கு அழகான கற்பனையாகத்தான் தெரிந்தது. நம் பக்கத்து வீட்டிலும் அது இருக்கிறது என்று இப்போதுதான் புரிகிறது.

ஏப்ரம்ஸின் அடுத்த நாவலைப் பற்றியும் சுருக்கமாக: 'ரோக் ஜஸ்டிஸ்', 2023. இதிலும் ஏவரிதான். இந்த முறை களம், வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புக்கு அனுமதி தரும் ரகசிய நீதிமன்றம். அது 1978 சட்டத்தில் உருவானது. பதினொரு நீதிபதிகளையும் தேர்வு செய்வது தலைமை நீதிபதி ஒருவரே, பெரும்பாலும் அரசுத் தரப்பு மட்டும் வந்து வாதாடும். மறுபடியும், யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலையைத்தான் எடுத்திருக்கிறார். 2025-ல் மூன்றாவதும் வந்துவிட்டது, முன்னாள் ராணுவத்தினரின் மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவு. அதை நான் இன்னும் தொடவில்லை.

கறுப்புக்குதிரை, ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பார்த்தேன். இரண்டாவது மந்திரி விழும் இடத்தில் நீங்கள் சொன்ன பதற்றம் வந்தது. கூர்மை குறைந்தது என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஈரோட்டுக்காரி

ஆறு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க. வழக்குரை அண்ணன் சொன்னபடி எல்லாத்தையும் திரட்டுனோம். அண்ணன் துபாய்ல இருந்து சம்மதக் கடிதம் அனுப்ப ரெண்டு வாரம் ஆயிடுச்சு. சென்னையில மனுப் போட்டாச்சு, நேத்து நம்பர் ஆயிடுச்சுன்னு வக்கீல் போன் பண்ணுனாரு.

புத்தகமும் படிச்சேன். ராத்திரி அப்பா பக்கத்துல உட்காரும்போது படிக்க வேற என்ன இருக்குதுங்க. துரத்தறது, சுடறது எல்லாம் எனக்கு ஓடுனதே தெரியலை. ஏவரி மொதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போய், பேச்சு மூச்சில்லாம கிடக்கற அந்தப் பெரிய மனுசன் பக்கத்துல நிக்கறா இல்லீங்களா? இவரு எதுக்கு என்னையப் போய் நம்புனாருன்னு கேக்கக்கூட ஆளில்லாம. அங்க நிறுத்திட்டு அப்பாவைப் பார்த்தேன். மூணு பிள்ளைங்க இருக்கோம், பவரை எம் பேர்ல எழுதுனாரு. ஏன்னு நானும் கேட்டதில்லை.

பட்டியல்ல கேஸ் வந்ததும் இங்க வந்து சொல்றேன்.